அரசு எழுதித் தந்த செபம்

நியூயார்க் மாநிலக் கல்வி அவை ஒருமுறை சிறியதொரு செபத்தை இயற்றி, அரசுப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. ஆங்கிலத்தில் 22 சொற்களே கொண்டது. எல்லாம் வல்ல இறைவனைச் சார்ந்து நிற்பதை அறிக்கையிட்டு, மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாட்டுக்கும் ஆசி வேண்டிய செபம் அது. விரும்பாத மாணவர் விலகியிருக்கவும் இடமிருந்தது. ஆயினும் 1962 சூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இச்செபம் அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன் அதிர்ச்சியுற்றார். கத்தோலிக்கரான குடியரசுத் தலைவர் கென்னடியோ, இனி நம் இல்லங்களில் மிகுதியாகச் செபிப்போம் என்னும் கருத்துப்படப் பேசினார்.

இறைவனைப் பள்ளியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று பலர் வருந்தினர். அவ்வருத்தம் நேர்மையானதே. எனினும் அந்நாட்டுக் கத்தோலிக்கரின் பழைய வரலாறு வேறொன்றையும் நமக்கு நினைவூட்டுகிறது. பிலடெல்பியா நகர அரசுப் பள்ளிகளில் அன்று புரோட்டஸ்தாந்து விவிலியமே வாசிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் தங்கள் விவிலியத்தையே பயன்படுத்த விடுங்கள் என்று ஆயர் கென்ரிக் 1842-இல் வேண்டினார். பகைமை மூண்டு, 1844-இல் கலவரமாயிற்று. புனித மிக்கேல், புனித அகுஸ்தினார் ஆலயங்கள் தீக்கிரையாயின, உயிர்களும் பலியாயின. பெரும்பான்மையோர் பொதுவானது என்று கருதிய வழிபாடு, நம்மவர்க்குப் பிறருடையதாகவே இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில், பள்ளிக் கால்பந்துப் போட்டிகளில் ஒலிபெருக்கிவழி நடந்த செபத்தை எதிர்த்து வழக்காடிய குடும்பங்களுள் ஒன்று கத்தோலிக்கக் குடும்பம். 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று.

விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாமே எனச் சிலர் கேட்பர். பத்து வயதுப் பிள்ளை, தோழர் அனைவரும் காண எழுந்து வெளியேறுவது எளிதா? சட்டம் தந்த அவ்வுரிமையை அச்சிறு நெஞ்சு தண்டனையாக அன்றோ உணரும்!

அப்படியாயின், அரசு சமயத்துக்குப் பகையாக வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, மக்களின் சமய வாழ்வை அரசு ஆதரிக்க வேண்டும் என்கிறது. ஆனால் சமயச் செயல்களை ஆணையிடவோ தடுக்கவோ முற்பட்டால், அது தன் எல்லையை மீறுகிறது என்றும் கூறுகிறது. 1962 தீர்ப்பு தடுத்தது அரசின் செபத்தையே. மாணவன் தானே மனத்துள் எழுப்பும் செபத்தை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. எல்லைக்கோடு எங்கே என்பதுதான் கடினம். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் முழந்தாளிட்டுச் செபித்த பள்ளிப் பயிற்சியாளர் ஒருவருக்கு, அது அவருடைய தனியுரிமை என 2022-இல் அதே நீதிமன்றம் ஆதரவளித்தது. அணியில் இடம் பெறுவதோ இழப்பதோ அவர் கையில் இருக்கையில், மாணவர் முழு விடுதலையோடு நிற்க முடியுமா என்ற ஐயம் மாற்றுத் தீர்ப்பில் எழுந்தது. அந்த ஐயம் புறந்தள்ளத்தக்கதன்று.

நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் இதே வழியில் செல்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் இசைவின்றி எந்தச் சிறுவரையும் வழிபாட்டில் பங்குகொள்ளச் செய்யலாகாது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். காலைக் கூட்டத்தில் நம்மோடு நிற்கும் பிற சமயப் பிள்ளையின் மனச்சான்றும் இறைவன் உறையும் இடமே. பிலடெல்பியாவில் நம் பிள்ளைகளுக்காக எதைக் கேட்டோமோ, அதை இங்கே அப்பிள்ளைக்கு மறுப்பது அறமாகாது.

செபம் அன்பின் மொழி. அன்பை ஆணையிட்டுப் பெற இயலாது. பிள்ளைக்குச் செபம் கற்பிக்கும் கடமை முதலில் பெற்றோருடையது. இரவில் குடும்பச் செபமாலை ஒலிக்காத வீட்டினர், பள்ளியில் செபம் இல்லையே என்று அரசைக் குறை கூறுவது எவ்வாறு பொருந்தும்?