நான்கு ஆண்டு ஞாபகம்

ஒரு பல்கலைக்கழகத்தில் குறைந்த காலமே இருந்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே இளநிலைப் பட்டம் படிக்க வருகிறவர்கள். மூன்று ஆண்டு, மிஞ்சினால் நான்கு. கட்டணம் ஏன் கூடுகிறது, உணவுக்கூடத்தில் யார் யாரோடு உட்காருவதில்லை, எந்தத் துறையின் கதவு யாருக்குத் திறப்பதில்லை என்பதெல்லாம் பிடிபடத் தொடங்கும் நேரத்தில் பட்டமளிப்பு விழா வந்துவிடும். அடுத்து வருகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேறென்ன? சங்கடமான கேள்வியை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால் போதும், கேட்டவர் ஊரிலேயே இருக்கமாட்டார். அதனால்தான் இளநிலை மாணவர்கள் தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதையும், கற்றுக்கொண்ட விதத்தை எழுதிச் சேமிப்பதையும் வெறும் பாடப் பயிற்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. கண்டுபிடித்ததைவிட அந்தச் சேமிப்புதான் பெரிது என்பது என் கட்சி.

இதை ஒழுங்காகச் செய்து காட்டிய இடம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். அதன் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் மானிடவியலாளர்களான நான்சி ஏபெல்மனும் வில்லியம் கெல்லஹரும் 2000களின் தொடக்கத்தில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். மானிடவியல் மாணவர் எங்கோ ஒரு கிராமத்துக்குப் போய்ச் செய்யும் வேலையைத் தம் வளாகத்திலேயே செய்யவேண்டும்: நேர்காணல், கூட இருந்து கவனித்தல், பழைய ஆவணங்களைப் புரட்டுதல். பல துறைகளின் வகுப்புகள் இதில் சேர்ந்தன. இறுதிக் கட்டுரையோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதுதான் இதன் சிறப்பு. முதலில் என்ன கேள்வியோடு போனார், அது எங்கே மாறியது, யாரிடம் என்ன கேட்டார், அடுத்து வருகிறவர் எதைத் தொடரலாம் என்பதையும் எழுதவேண்டியிருந்தது. மாணவர் சம்மதித்தால் அது பல்கலைக்கழகத்தின் மின்னணுக் களஞ்சியத்துக்குப் போனது. பின்னால் வந்த மாணவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்வியை அமைத்துக்கொள்ள முடிந்தது.

பேராசிரியர்கள் பலர் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு பருவத்துக்குள் பத்தொன்பது வயதுப் பிள்ளை என்ன ஆராய்ந்துவிட முடியும்? நியாயமான கேள்வி. ஏழெட்டுப் பேரிடம் பேசிவிட்டு முழு வளாகத்தைப் பற்றியும் முடிவு சொல்லும் கட்டுரைகள் நிறையவே வரும். வந்த வழியையும் பதிவுசெய்யச் சொல்வது அதற்காகத்தான். முடிவு தவறாக இருந்தாலும் நேர்காணல் குறிப்பு சான்றாக நிற்கும். இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அதிலிருந்து வேறு முடிவுக்கு வரலாம். இளநிலை மாணவர் தொட்ட வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹார்வர்டு உதாரணம். 2007இல் வரலாற்றாசிரியர் ஸ்வென் பெக்கர்ட் நடத்திய சிறு கருத்தரங்க வகுப்பில் நான்கே மாணவர்கள் உட்கார்ந்து, அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அடிமைமுறைக்கும் இருந்த தொடர்பைத் தேடத் தொடங்கினார்கள். அடுத்தடுத்து வந்த மாணவர்கள் அதைத் தொடர, 2011இல் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. பழைய ஹார்வர்டுத் தலைவர்கள் இருவரின் வீடுகளில் அடிமைகளாக இருந்த டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா ஆகியோரின் பெயர்கள் 2016இல் அங்குள்ள வாட்ஸ்வொர்த் இல்லத்தின் சுவரில் ஏறின. 2022இல் நிர்வாகமே அறிக்கை வெளியிட்டது. ஹார்வர்டின் தலைவர்களும் ஆசிரியர்களும் பணியாளர்களும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்ததை ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலர் ஒதுக்கியது. எல்லாம் அந்த நான்கு மாணவர்களால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2003இலேயே அதன் அப்போதைய தலைவர் ரூத் சிம்மன்ஸ் அடிமைமுறைத் தொடர்பை விசாரிக்கக் குழு அமைத்திருந்தார், காலமும் மாறியிருந்தது. ஆனால் முதல் வகுப்பின் தேடல் மதிப்பெண்ணோடு முடிந்துபோயிருந்தால், பின்னால் வந்தவர்களுக்குத் தொடர எதுவும் இருந்திருக்காது.

இதைவிடக் கடினமான ஆட்சேபணை ஒன்று உண்டு. மதிப்பெண் போடும் இடத்தையே விமர்சிக்கும் துணிச்சல் எத்தனை மாணவர்களுக்கு வரும்? பேட்டி கொடுக்கும் நண்பனின் பெயரை மறைத்தாலும், முப்பது பேர் படிக்கும் துறையில் அவன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடாதா? இதற்கு முழுமையான விடை கிடையாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறநெறிக் குழுவின் ஒப்புதல் முறை இருக்கிறது. சம்மதத்தை எழுத்தில் வாங்குகிறார்கள். அது பாதிப் பாதுகாப்புதான். சில பதிவுகளை எல்லோருக்கும் திறந்துவைக்காமல் சில ஆண்டுகள் பூட்டியும் வைக்கவேண்டியிருக்கும். அந்த அசௌகரியமும் படிப்பில் சேர்த்திதான். வெளியூர் மக்களைப் பற்றித் தாராளமாக எழுதப் பழகியவருக்கு, எழுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்பது பக்கத்து அறைக்காரரைப் பற்றி எழுதும்போதுதான் உறைக்கும்.

பல்கலைக்கழகங்கள் தங்களைத் தாங்களே ஆராயத்தானே செய்கின்றன என்பார்கள். உண்மைதான். இந்தியாவில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கல்லூரியும் சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறது. தரச்சான்றுக்காக எழுதும் அறிக்கையில் எது இடம்பெறாது என்பதை ஊகிக்க ஆய்வாளர் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு நிர்வாகம் தொடங்கும் வேலைக்கும் ஆயுள் நிச்சயமில்லை. ஹார்வர்டு, அந்த அடிமைகளின் வம்சாவளியைத் தேடத் தான் அமர்த்திய குழுவினரையே 2025 ஜனவரியில் வேலையிலிருந்து நிறுத்தி, அந்தப் பணியை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது.

ஆகவே களஞ்சியத்தின் சாவி யாரிடம் என்பதுதான் மிச்சமுள்ள சிக்கல். இல்லினாய் மாணவர்களின் பதிவுகளும் அதே பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில்தானே இருக்கின்றன? நம் கல்லூரிகளில் அந்தச் சிக்கல் எழும் கட்டமே இன்னும் வரவில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவா முடிந்ததும் பைண்டிங்கோடு துறை பீரோவுக்குள் போகிறது. அடுத்த ஆண்டு மாணவர் அதைத் திறந்து பார்ப்பதே அபூர்வம், பார்த்தாலும் வடிவத்தைக் காப்பியடிக்கத்தான். அந்த ப்ராஜெக்டுகளில் சிலவற்றையாவது சொந்தக் கல்லூரியைப் பற்றியதாக மாற்றி, எப்படிச் செய்தேன் என்ற பத்துப் பக்கத்தையும் சேர்க்கச் சொல்லி, ஒரு பிரதியைப் பொது நூலகத்துக்கு அனுப்பப் பெரிய செலவு ஆகாது. எந்த நிர்வாகம் முதலில் சம்மதிக்கும் என்பது வேறு கேள்வி.