மீன் துள்ளினால் மகிழ்ச்சியா?

சீனத் தத்துவ நூலான ‘சுவாங் சூ’வில் ஒரு சின்ன வாக்குவாதம் வருகிறது. ஹாவ் ஆற்றுப் பாலத்தின் மேல் நண்பர்கள் இருவர் நிற்கிறார்கள். கீழே மீன்கள் இஷ்டம்போல் நீந்துவதைப் பார்த்து, இதுதான் மீன்களின் மகிழ்ச்சி என்கிறார் சுவாங் சூ. மீனாகப் பிறக்காத உமக்கு அது எப்படித் தெரியும் என்று மடக்குகிறார் தர்க்கத்தில் வல்லவரான ஹுய் சூ. பேச்சு சுற்றிச் சுற்றி வந்து, இங்கே நின்றபடியே தெரிந்துகொண்டேன் என்ற சுவாங் சூவின் பதிலோடு முடிகிறது.

பெய்ஜிங் கோடை அரண்மனைத் தோட்டத்தில் இந்தக் கதைக்கு ஒரு கல் பாலமே இருக்கிறது. பெயர், ‘மீனை அறியும் பாலம்’. தண்ணீரை ஒட்டித் தாழ்வாகக் கட்டிய பாலம். அதில் நிற்பவருக்கு மீன் வெகு அருகில் தெரியும். ஆனால் அருகில் தெரிவதால் மட்டும் அறிந்துவிட முடியுமா?

வீட்டுக் கொல்லையில் கோய் குளம் வெட்ட நினைப்பவருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. கோய் மீனே மனிதக் கண்ணுக்காக உருவானது. ஜப்பானின் நீகாத்தா மலைக் கிராமங்களில் உழவர்கள் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் சில சிவப்பும் வெள்ளையுமாகப் பிறக்க, அவற்றைப் பிரித்தெடுத்து இனம் பெருக்கினார்கள். 1914இல் தோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகு நாடே அவற்றைத் திரும்பிப் பார்த்தது. இன்றும் ‘ஷோவா’ வகைக் குஞ்சுகள் பொரித்த சில நாட்களிலேயே முதல் கழிப்பு நடக்கிறது. கறுப்புக் குஞ்சு தங்கும், வெளுத்தது போகும். மேலிருந்து பார்த்தால் முதுகின் நிறம் எப்படி இருக்கும் என்பதே அளவுகோல். பிழைப்பதா கழிவதா என்பதை ரசிகனின் கண் தீர்மானிக்கும் உயிர் இது.

அந்தக் கண்தான் பிறகு ஏமாறவும் செய்கிறது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஆளைக் கண்டு குழைகின்றன என்று வீட்டுக்காரர் பூரித்துப் போவார். இரவெல்லாம் பாசியும் செடிகளும் சுவாசித்ததில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன் மூச்சுக்குத் தவிப்பதாகவும் இருக்கலாம். சில சமயம் மீன் உடம்பைச் சட்டென்று சாய்த்துக் குளத்தின் அடியில் உரசிவிட்டுப் பாயும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். செதிளில் ஒட்டுண்ணி ஏறினாலும், தண்ணீரில் அம்மோனியா கூடினாலும் மீன் அப்படித்தான் உரசும். துள்ளலுக்கும் அதே சந்தேகம் பொருந்தும். ஹுய் சூவின் கேள்வி இங்கே உயிர் காக்கும் கேள்வி.

ஆகவே மீனின் சுகத்தை ஊகிப்பதை விட்டு, அதற்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து குளத்தின் வரைபடத்தைத் தொடங்குவது நேர்மை. பார்வைக்கு ஆழமில்லாத குளமே அழகு. அடித்தளக் கூழாங்கல்வரை தெரியும். மீனுக்கோ ஒன்றரை மீட்டர் ஆழமாவது வேண்டும். வெயிலில் சட்டென்று சூடேறாத தண்ணீரும், கொக்கு இறங்கி நிற்க முடியாத செங்குத்தான கரையும் அதற்குப் பாதுகாப்பு. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கியாக வேண்டும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் நிலைகொள்ள வாரக்கணக்கில் ஆகும். குளம் கட்டிய கையோடு பத்து மீனை வாங்கிவந்து கொட்டுகிறவர் அவற்றை அவற்றின் கழிவிலேயே மூழ்கடிக்கிறார். சுவாங் சூ சொன்ன ‘இங்கே நின்று’ என்பதற்கு இந்த இடத்தில்தான் அர்த்தம் வருகிறது. அன்றாடம் கரையில் நின்று, சோதனைக் குப்பியில் தண்ணீரின் நிறம் மாறுவதையும் பார்ப்பவருக்கு மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

அடைத்து வைப்பதே பாவம், விட்டுவிடுவதுதானே கருணை என்று கேட்கலாம். பௌத்தத்தில் இதற்கு நீண்ட மரபு உண்டு. தாங் பேரரசர் சுசோங் 759இல் உயிர்களை விடுவிப்பதற்கென்றே 81 குளங்களை ஏற்படுத்த ஆணையிட்டார். ஜப்பானின் இவாஷிமிசு ஹச்சிமான் கோயிலில் ஆண்டுதோறும் செப்டம்பரில் உயிர்களை விடுவிக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது.

ஆனால் விடுவிப்பவருக்கும் அதே அறியாமை உண்டு. 2015இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கரையோரம் புண்ணியம் கருதி நண்டுகளையும் சிங்கி இறால்களையும் விலைக்கு வாங்கிக் கடலில் விட்டார்கள். அவை அந்தக் கடலுக்கு அந்நியமானவை. விட்டவர்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. கோயும் சாதாக் கெண்டையின் வழிவந்ததுதான். உலகின் மோசமான அயல் ஊடுருவிகள் நூறில் சாதாக் கெண்டையும் ஒன்று என்கிறது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியல். ஏரியில் விட்டால் அது அடிமண்ணைக் கிளறிச் செடிகளைப் பிடுங்கும், தண்ணீர் கலங்கும், அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களுக்கு இரை தட்டுப்பாடாகும். இப்படிப்பட்ட மீனை வளர்க்கத் தொடங்கியவர் திறந்துவிட்டுக் கைகழுவ வழியில்லை.

நல்ல தண்ணீரில் கோய் முப்பது ஆண்டுக்கு மேலும் வாழும். அறுபது வயதில் குளம் வெட்டுகிறவர் பம்புக்கும் ஃபில்டருக்கும் இடம் குறிக்கும் நாளிலேயே, தமக்குப் பிறகு வீட்டை விற்றாலும் அந்த சுவிட்சை அணைக்காமல் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று குடும்பத்தாரோடு பேசி முடிக்க வேண்டியிருக்கிறது.