உறைவிடமும் உரிமையும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனத் தொடரும் சென்னையின் தென்புறநகர்க் கத்தோலிக்கப் பங்குகள், 2002ஆம் ஆண்டு சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ரயில்வே, விமானப்படை, தொழிற்கூடங்கள் ஆகியவற்றில் வேலை கிடைத்துத் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இன்று இப்பங்குகளில் பழைய குடும்பங்களாக மதிக்கப்படுகின்றனர். புதிதாக வருவோரை இவர்கள் வரவேற்பது சலுகையா கடமையா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

திருச்சபைச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்புக்குள் வாழும் நம்பிக்கையாளர் அனைவரையும் உள்ளடக்கிய சமூகம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 518ஆம் விதி வரையறுக்க, ஓரிடத்தில் மூன்று மாதமேனும் தங்கும் எண்ணத்துடன் வந்தவர் அங்கே குறை உறைவிடம், அதாவது நிரந்தரமல்லாத சட்டபூர்வ வசிப்பிடம், பெறுகிறார் என்று 102ஆம் விதி கூறுகிறது. வாடகை வீட்டில் பெட்டியை இறக்கி வைத்தவர், அன்பியம் எனும் அண்டைக் குடும்பக் குழுவின் கூட்டத்தில் எவரும் அவரை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே, அப்பங்கின் மகனோ மகளோ ஆகிவிடுகிறார். விருந்தோம்பல் எனும் உயர்ந்த தமிழ்ப் பண்புகூட இங்கே சற்றுப் பொருந்தாமல் போகிறது. விருந்தினரை வரவேற்க வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும், பங்கிலோ எவரும் வீட்டுக்காரர் அல்லர்.

ஆயினும் பங்கு அலுவலகத்தில் திருமணத்துக்குச் சான்று கேட்பதை வீண் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. ஒருவரின் திருமணம் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் குறிக்கப்படுவதால், அண்மையில் பெற்ற திருமுழுக்குச் சான்றும், திருமண அறிவிப்பாகிய ஓலை வாசிப்பும் முன்னரே மணமானவர் மீண்டும் மணப்பதைத் தடுத்து, ஏமாற்றப்படக்கூடிய ஒரு பெண்ணையோ ஆணையோ காக்கின்றன. பங்குக்குச் செலுத்தும் சந்தாவின் நிலுவையைக் கேட்பதற்கு இத்தகைய நியாயம் கிடையாது. திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமை நம்பிக்கையாளருக்கு உண்டெனினும், வறுமையினால் எவரும் அருளடையாள உதவியை இழக்கலாகாது என்று 848ஆம் விதி எச்சரிப்பதால், சந்தா அட்டையைக் காட்டினால்தான் குழந்தைக்குத் திருமுழுக்கு என்று எங்கேனும் சொல்லப்படுமானால் அது நிர்வாகம் அன்று, அநீதி.

அலுவலகத்தைவிடக் கோயில் முற்றமே கடினமான சோதனைக்களம். திருப்பலி முடிந்ததும் புதியவரிடம் கேட்கப்படும் ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்வி அன்பினால் எழுவதாக இருக்கலாம். ஆனால் ஊர், தெரு, அவ்வூர்க் கோயிலின் பாதுகாவலர் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும்போது அது சாதியை அறியும் வழியாகிவிடுகிறது என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர் அறியாதவர் அல்லர். கிராமத்தில் தனித் தெருவும் தனிக் கல்லறையும் கண்டு நகரத்தை நாடி வந்த தலித் கத்தோலிக்கர், இங்கும் அதே கணக்கெடுப்பை ஒரு புன்னகையுடன் சந்திக்க நேர்கிறது. சாதிப் பாகுபாட்டைப் பாவமெனக் கண்டிக்கும் தலித் மேம்பாட்டுக் கொள்கையை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்டது. முற்றத்து உரையாடலைக் கொள்கை அறிக்கையால் திருத்துவது எளிதன்று. ஆதலால் கேட்பவர் நல்ல எண்ணத்துடன் கேட்டாரா என்பதைவிட, பதில் சொல்ல மறுக்கும் உரிமை புதியவருக்கு இருக்கிறதா என்பதே அறத்தின் அளவுகோலாக வேண்டும். பெயர், வசிக்கும் தெரு, தேவைப்படும் உதவி ஆகிய மூன்றுக்கு மேல் அன்பியத்தின் முதல் சந்திப்பில் எதுவும் அவசியமில்லை.

ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து கட்டுமானத்திலும் தொழிற்கூடங்களிலும் உழைக்கும் கத்தோலிக்கருக்கு இவற்றுடன் மொழியும் தடையாகிறது. இந்தியில் திருப்பலி நடத்துவது பங்கைப் பிளக்கும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு; எனினும் ஒப்புரவு அருளடையாளத்தில் தன் பாவத்தைத் தான் அறிந்த மொழியில் சொல்ல இயலாதவரிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது, ஒற்றுமையின் விலை முழுவதையும் வலுவற்றவர்மேல் சுமத்துவதாகும். தனித் திருப்பலி வேண்டியதுதான். அத்துடன் பங்குப் பேரவையில் இத்தொழிலாளருக்கு ஓர் இருக்கையும், கூட்டத்தில் பேசப்படுவதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரும் இருந்தால்தான், அத்திருப்பலியின் நேரத்தை அவர்களுடைய வேலை முறைக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்ற சிறு கோரிக்கைகூடப் பேரவையின் காதுக்கு எட்டும்.