உடைமையும் உபயோகமும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தேன். கல்லூரியில் படிக்கும் நம் பங்கு வாலிபர் ஒருவர் என் தோளில் தொங்கிய பழைய காமிராவைப் பார்த்துவிட்டு, "சாமி, இதை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. உள்ளே ஏதாவது உடைந்தால் புதுச் சாமான் கிடைக்காது. ஃபிலிமுக்கும் வெளியூருக்கு எழுதவேண்டும். பேசாமல் பூட்டி வைத்தால் நாளுக்கு நாள் விலை ஏறும். விற்றாலும் பணம் வரும். நீங்கள் இரண்டும் செய்யாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களே?" என்று கேட்டார்.

அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பொருள் என்னுடையது என்று சொல்லும்போது நான் எதைச் சொல்லுகிறேன்? அதை வைத்திருப்பதையா, அதைக்கொண்டு எதையாவது செய்வதையா? இது காமிரா வைத்திருப்பவனுக்கு மாத்திரம் உரிய கேள்வி அல்ல. பரண்மேல் ஏறிய வெண்கல அண்டாவும், கலியாணத்துக்குப்பின் வெளிச்சம் காணாத பட்டுப் புடவையும், பூட்டிக் கிடக்கும் மாடி அறையும் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கேள்வி. ஆகையால் உங்களோடு சேர்ந்து இதைச் சற்று யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அது நிக்கான் எஃப்.எம்.2 என்னும் ஜப்பான் தேசத்துக் காமிரா. 1982-ஆம் ஆண்டு வெளிவந்தது; 2001-ஆம் ஆண்டோடு அதன் தயாரிப்பு நின்றது. ஒளியை உள்ளே விடும் திரை வில்லினாலும் பற்சக்கரங்களாலும் இயங்குகிறது. உள்ளிருக்கும் சிறு பாட்டரி வெளிச்சத்தின் அளவைக் காட்டுவதற்கு மட்டுமே. அது தீர்ந்துபோனாலும் படம் எடுக்கலாம். கூட மூன்று லென்ஸுகள் உண்டு. 28 மில்லிமீட்டர் லென்ஸ் தேரையும் கூட்டத்தையும் ஒருங்கே காட்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய நம் கண் பார்க்கிறபடி பார்க்கும். 105 மில்லிமீட்டர் லென்ஸ் முகங்களுக்கு ஏற்றது. ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர், கடையை மூடுகிற காலத்தில், "சாமி, இதை எடைக்குப் போட மனம் வரவில்லை" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் விலை கொடுத்து வாங்கியதல்ல.

இவ்விதம் மறைந்துபோன பொருள் இது ஒன்றுதானா? உங்களில் வயதானவர்களுக்கு அக்ஃபா க்ளிக் 3 என்ற பெட்டிக் காமிரா நினைவிருக்கும். நம் நாட்டிலேயே தயாராகி, ஒரு சுருளுக்குப் 12 படம் கொடுத்து, எத்தனையோ குடும்பங்களின் புதுநன்மைப் படங்களை எடுத்த காமிரா அது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை 1960-ஆம் ஆண்டு ஏற்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்து வந்தது. இன்று அந்தச் சுருளும் இல்லை, அந்தத் தொழிற்சாலையின் ஓசையும் இல்லை. மனிதன் செய்கிற எந்தச் சாமானுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு.

இனிக் கேள்விக்கு வருவோம். சொத்து வைத்திருப்பது பாவம் என்று திருச்சபை ஒருநாளும் போதித்ததில்லை. ஆனால் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இவ்விஷயத்தில் ஒரு நுட்பமான வித்தியாசம் காட்டுகிறார். பொருளைச் சம்பாதித்துப் பராமரிக்கும் அதிகாரம் ஒன்று; அதை உபயோகிப்பது வேறொன்று. முதலாவதில் இது என்னுடையது என்று சொல்லலாம். இரண்டாவதிலோ, அது எல்லோருக்கும் பொதுவானது என்று எண்ணி, தேவையுள்ளவனுக்குத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாயிருக்கவேண்டும் என்கிறார். அதாவது, பெட்டியின் சாவி என் கையில் இருக்கலாம். ஆனால் உள்ளேயிருப்பது எனக்காக மட்டும் உண்டானதல்ல.

குருமடத்தில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதித் தேறியவன் நான். ஆயினும் இந்தக் காமிராவின் விஷயத்தில் இரண்டுமுறை தவறினேன். அதை உங்களிடம் மறைப்பதில் பிரயோசனமில்லை.

முதல் தவறு இது. அந்த 105 மில்லிமீட்டர் லென்ஸ் மூன்றிலும் விலையுயர்ந்தது. கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து, அதைத் தோல் உறைக்குள் போட்டு, உறையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலமாரியில் பூட்டினேன். இரண்டு மழைக்காலம் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பூஞ்சணத்துக்கு வேண்டியவை இருட்டும் ஈரமும் அசையாத காற்றும்; தோல் உறையோ ஈரத்தைப் பிடித்துவைக்கும். நான் மூன்றையும் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். பழுது பார்ப்பவர் துடைத்துப் பார்த்தார். பூஞ்சணம் போயிற்று, ஆனால் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தடம் போகவில்லை. தினம் வெயிலும் காற்றும் பட்டு உழைத்த 50 மில்லிமீட்டர் லென்ஸ், வெளிப்புறம் வர்ணம் தேய்ந்திருந்தாலும், உள்ளே பளிங்குபோல் இருக்கிறது.

பூச்சியும் துருவும் அரிக்கிற இடத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாமென்று நம் ஆண்டவர் எச்சரித்ததை எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். துரு என்பது என் அலமாரிக்கே வரும் என்று எண்ணவில்லை. தாலந்தைப் பூமியில் புதைத்த ஊழியன் அதைத் திருடவில்லை, குடித்து அழிக்கவுமில்லை, பத்திரமாகத்தான் வைத்தான். அவன்மேல் விழுந்த குற்றம் அந்தப் பத்திரமே.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது; ஏனெனில் முதலாவதில் கெட்டது கண்ணாடி மாத்திரம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆந் தேதி கஜா புயல் அடித்ததை நான் உங்களுக்கு நினைப்பூட்ட வேண்டியதில்லை. தென்னைகள் வேரோடு சாய்ந்தன; ஓட்டுக் கூரைகள் பறந்தன. அப்போது நான் இம்மாவட்டத்திலேயே வேறொரு பங்கில் இருந்தேன். மறு வருஷம் திருவிழாவில் தேர் புறப்படுவதற்குச் சற்று முன்பு, கூலிவேலை செய்யும் ஒருவர் தம் மனைவியோடு வந்தார். "சாமி, கலியாணத்துல எடுத்த படம் புயல்ல நனைஞ்சு ஒட்டிப் போச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுங்க சாமி, சட்டம் போட்டு மாட்டிக்கிறோம்" என்றார். காமிராவில் மூன்று படம்தான் மிச்சம் இருந்தது. அந்த மூன்றையும் தேர்ப்பவனிக்கென்று ஒதுக்கியிருந்தேன். "அப்புறம் பார்ப்போம் ஐயா" என்று சொன்னேன். அவர், "சரிங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கைப்பேசியிலாவது ஒரு படம் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. என் எண்ணமெல்லாம் அந்த மூன்று படத்தின்மேல் இருந்தது.

மூன்று படத்தையும் தேருக்கே எடுத்தேன். ஒன்று இருட்டில் கலங்கிப் போயிற்று. மற்ற இரண்டும் ஒவ்வொரு வருஷமும் எடுக்கிற தேர்ப் படங்கள்போலவே இருந்தன.

அடுத்த திருவிழா வருமுன் அந்த மனிதர் இறந்துபோனார். அடக்கத்துக்குப்பின் அவர் மனைவி என்னிடம் வந்து, "சாமி, உங்க படத்துல எங்கயாவது அவரு நின்னிருப்பாரா?" என்று கேட்டார். நெகட்டிவுகளை எல்லாம் விளக்கின்மேல் பரப்பித் தேடினேன். கூட்டத்தில் ஒரு தோளும் பாதி முகமும் இருந்தது. அது அவர்தானா என்றுகூட நிச்சயமில்லை. கடைசியில் ஆதார் அட்டையிலுள்ள படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அந்த வீட்டுக்குச் சென்ற போதெல்லாம் அந்தப் படம் என்னைப் பார்த்தது.

இதற்குப் பெயர் என்ன? நான் யாரையும் ஏமாற்றவில்லை, யார் பொருளையும் இச்சிக்கவில்லை. ஆனால் தலையான பாவங்களில் லோபித்தனம் என்று ஒன்று இருக்கிறது. அது பணக்காரருக்கு உரியது என்று எண்ணியிருந்தேன். பொருள் அபூர்வமாக ஆக ஆக, அது ஏழையின் கைக்குள்ளும் புகுந்துவிடும் என்பதை மூன்று படம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பொருள் குறைந்துவருகிறது என்ற பயம், எதிரே நிற்கிற மனிதனை விடப் பொருளைப் பெரிதாகக் காட்டுகிறது. உபயோகிக்கத்தக்கவை வேறு, நிலைத்து அனுபவிக்கத்தக்கவர் வேறு என்று அர்ச். அகுஸ்தீன் பிரித்துக் காட்டினாரே. உலகத்துப் பொருள்கள் வழிப்பயணத்துக்கு வண்டிபோன்றவை, சர்வேசுரன் ஒருவரே நாம் சேரும் வீடு. நான் வண்டியைக் கும்பிட்டுக்கொண்டு, ஏறவந்தவரை இறக்கிவிட்டேன்.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்லலாம். "சாமி, அப்படியானால் இருப்பதையெல்லாம் இறைத்துவிடவேண்டுமா? இந்தக் காமிரா ஓடினால் தேயும். ஒருநாள் திரை நின்றுபோகும். ஒரு சுருளுக்கும் அதைக் கழுவுவதற்கும் ஆகிற செலவு ஒரு கூலியாளின் ஒருநாள் கூலிக்கு மேல். அதை ஏழைகளுக்குக் கொடுப்பது மேலல்லவா?"

ஆம், தேயும். ஆனால் பூட்டிவைத்தாலும் கெடுகிறது என்பதைப் பார்த்தோம். எப்படியும் அழியப்போகிற பொருளுக்கு, எதற்காக அழிவது என்பதை மாத்திரமே நாம் தீர்மானிக்கலாம். 1935-ஆம் ஆண்டு வெளிவந்த கோடாக்ரோம் என்னும் வர்ணச் சுருளை, கோடாக் கம்பெனியார் 2009-ஆம் ஆண்டு நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பில் கடைசியாக வந்த சுருள் ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் படக்காரரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதைக் கண்ணாடிப் பேழையில் வைக்கவில்லை. நியூயார்க்கிலும் நம் இந்திய தேசத்திலும் சுற்றி, 36 படங்களையும் எடுத்து முடித்தார். நம் ஊருக்கே வருவோம். 1858-ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயக் காப்டன் எடுத்த புதுக்கோட்டைக் காட்சிகள் அச்சிடப்பட்டு வெளிவந்தன. மெழுகு பூசிய காகித நெகட்டிவில், வெயிலில் வெகுநேரம் காத்திருந்து எடுத்த படங்கள் அவை. அந்த முறையை இன்று கையாளுவோர் மிகச் சிலரே. ஆனால் அவர் எடுத்த படங்களில் அந்நாள் புதுக்கோட்டை இன்றைக்கும் இருக்கிறது.

ஏழைகளைப் பற்றிய ஆட்சேபமோ இதைவிடக் கனமானது. பெத்தானியாவில் மரியம்மாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை நம் ஆண்டவருடைய பாதங்களில் ஊற்றினபோது, இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்டான். ஆண்டவர் மரியம்மாளின் பக்கம் நின்றார். ஆனால் இதை எடுத்துக்காட்டி எல்லாச் செலவுக்கும் நியாயம் கற்பிக்கக்கூடாது. அவள் தைலத்தைத் தனக்கென்று பூசிக்கொள்ளவில்லை. அடக்கம் நெருங்கியிருந்த ஒருவருக்காக ஊற்றினாள். எனக்கு இன்பம் தரும் செலவையும் பிறருக்காகச் செய்யும் செலவையும் நான் எளிதில் குழப்பிக்கொள்வேன் என்பதால், எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஃபிலிமுக்கு எவ்வளவு செலவிடுகிறேனோ, அவ்வளவு தொகையை அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் முதலில் போட்டுவிடவேண்டும். அதற்குப் பணம் இல்லாத மாதம் ஃபிலிமும் இல்லை.

ஆகவே, இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது, வீட்டில் மிகவும் பத்திரப்படுத்தியிருக்கும் ஒரு பொருளை மனதில் நிறுத்தி, மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை யாருக்காக வைத்திருக்கிறேன்? நாளைக் காலை தேவையுள்ள ஒருவர் வந்து கேட்டால், எரிச்சலில்லாமல் எடுத்துக் கொடுப்பேனா? இது திருட்டுப் போனாலோ உடைந்தாலோ, என் ஜெபமும் நித்திரையும் எத்தனை நாளைக்குக் கெடும்? பதில் உங்களுக்கே தெரியும், யாரும் கேட்கப்போவதில்லை.

அண்டாவைப் பரணிலிருந்து இறக்கி, பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குக் கொடுங்கள். நசுங்கினால் நசுங்கட்டும். பட்டுப் புடவை மடிப்பிலேயே கிழிவதைவிட, சகோதரி மகளின் புதுநன்மை நாளில் உடுத்திக் கறைபடுவது மேல். பேச நினைத்த நல்ல வார்த்தையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் நாம் "அப்புறம்" என்று பூட்டிவைக்கிறோம்.

அந்த வாலிபருக்கு என் பதில் இதுதான்: தம்பி, விற்பதற்கு மனமில்லை, அது என் பலவீனமாக இருக்கலாம். ஆனால் பூட்டிவைக்கமாட்டேன். நின்றுபோகும் நாள்வரை அது உழைக்கட்டும்.

வருகிற ஞாயிறு முதல், இரண்டாம் பூசைக்குப்பின், கொடிமரத்தடியில் காமிராவோடு நிற்பேன். ஒரு சுருளுக்கு 36 படம். வயது முதிர்ந்த தம்பதிகளும், வீட்டில் தங்கள் படம் ஒன்றும் இல்லாதவர்களும் முதலில் வரவேண்டும். சட்டம் போடத்தக்க பிரதி ஒன்று உங்களுக்கு வந்துசேரும். செலவைப் பற்றி நினைக்கவேண்டாம். நடக்கமுடியாதவர்கள் உபதேசியாரிடம் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே வருவேன். 105 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த முகம் சற்று மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குற்றம் லென்ஸினுடையதல்ல.

அந்த மனிதருடைய ஆத்துமத்துக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். சர்வேசுரன் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக்குரு