காளான் மருந்தும் மனநோயும்

மெல்பர்ன் நகரில் வாழும் அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் ஒரு மாத காலமாக நம் மேசை மீது இருக்கிறது. அவருடைய மைத்துனர் ஐந்தாண்டுகளாகக் கடும் மனச்சோர்வால் வாடுகிறார். மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. இருமுறை உயிரை மாய்த்துக்கொள்ளவும் முனைந்து விட்டார், அல்லாஹ் காப்பாற்றினான். இப்போது மருத்துவர், காளானில் உள்ள ஸைலோஸைபின் என்னும் பொருளைக் கொண்டு சிகிச்சை செய்து பார்க்கலாம் என்கிறாராம். "இது போதையா, மருந்தா? எடுத்துக்கொண்டால் ஹராமா?" என்று அன்பர் கேட்கிறார்.

போதை என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மில் பலர் தீர்ப்புக் கூறி எழுந்து விடுவார்கள். வேறு சிலரோ, "ஈமான் பலமாக இருந்தால் மனச்சோர்வு ஏன் வருகிறது?" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே கேட்பார்கள். சர்க்கரை வியாதிக்காரரிடம் இப்படிக் கேட்க எவருக்கும் நா எழாது. மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறதே, அவர்களுடைய ஈமானில் குறை காண யாருக்குத் துணிவுண்டு? கவலையினின்றும் துக்கத்தினின்றும் பாதுகாவல் தேடி நம் பெருமானார் (ஸல்) அவர்களே துஆச் செய்துள்ளார்கள். ஆகவே நோயை நோய் என்று ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

இக்காளானை மெக்சிகோ நாட்டு மஸட்டெக் மக்கள் தங்கள் வழிபாட்டிலும் நோய் தீர்க்கவும் நெடுங்காலமாக உண்டு வந்தனர். 1958-இல் ஆல்பர்ட் ஹோஃப்மன் என்ற சுவிஸ் ரசாயன அறிஞர் அதிலுள்ள பொருளைப் பிரித்தெடுத்தார். 1971-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை அதனை மிகக் கடுமையான தடைப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் மருத்துவர்கள் மீண்டும் அதன் பக்கம் திரும்பினர். மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுள்ள 233 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. 25 மில்லிகிராம் ஒரே ஒரு முறை பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு மூன்றாவது வாரத்தில் நோய் வெகுவாகத் தணிந்திருந்தது. பெயரளவில் 1 மில்லிகிராம் பெற்றவர்களில் இது நூற்றுக்கு 18 பேர். ஆனால் பன்னிரண்டு வாரம் வரை குணம் நிலைத்தது, 25 மில்லிகிராம் பெற்றோரிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே. தற்கொலை எண்ணம் தோன்றியவர்களும் ஆய்வில் இருந்தனர். இது அற்புத மருந்துமன்று, வெறும் ஏமாற்றுமன்று.

ஆஸ்திரேலிய அரசு 2023 ஜூலை முதல் தேதியிலிருந்து, அனுமதி பெற்ற மனநோய் மருத்துவர்கள் மட்டும், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இதனைக் கொடுக்கலாம் என்று வழி செய்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தார் 2020-இல் வாக்களித்துத் திறந்த வழி வேறு. அங்கே இருபத்தொரு வயது நிரம்பிய எவரும், நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லாமலே, உரிமம் பெற்ற நிலையத்துக்குச் சென்று கண்காணிப்பாளர் முன்னிலையில் உட்கொள்ளலாம். இரண்டையும் "சிகிச்சைக்கு அனுமதி" என்ற ஒரே பெயரில் பேசுகிறார்கள். நம் பார்வையில் இவை ஒன்றல்ல.

நம் இமாம்கள் இவ்வகைப் பொருள்களை ஒரே தராசில் போட்டு நிறுக்கவில்லை. எகிப்தில் வாழ்ந்த மாலிகி மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்கள் அறிவைத் தாக்கும் பொருள்களை மூன்றாகப் பிரித்தார்கள்: களிப்பூட்டி அறிவை மயக்குவது, களிப்பின்றி அறிவைக் குழப்புவது, புலன்களையே உறங்கச் செய்வது. மதுவின் சட்டம் முதல் வகைக்கே என்பது அவர்கள் கருத்து. கஞ்சா இலையை அவர்கள் இரண்டாம் வகையில் சேர்த்ததை நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை. அந்த விவாதம் சுவையானது, இங்கே இடமில்லை. காளான் எந்த வகையில் சேர்ந்தாலும், நோயின்றி இன்பத்துக்காக உண்பது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆரிகன் வழியில் நோயற்றவருக்கும் கதவு திறந்திருக்கிறது. அக்கதவு நமக்குரியதன்று.

மருந்தாக என்றால்? மதுவை மருந்தாக்கலாமா என்று கேட்கப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்து, அது நோயே என உணர்த்தினார்கள். ஆயினும் மதுவல்லாத, அறிவை நீக்கும் பொருளைப் பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பேசும்போது, அழுகிய கையைத் துண்டிக்க அது தேவைப்பட்டால் அனுமதி உண்டு என்பதையே சரியான சொல்லாகக் கொள்கிறார்கள். இன்று அறுவை மேசையில் மயக்க மருந்து பெறும் எவரும் அந்த நிழலில்தான் படுத்திருக்கிறார். அழுகிய கை கண்ணுக்குத் தெரிகிறது. இருமுறை சாவைத் தேடிய மனம் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் அதன் நிர்ப்பந்தம் குறைந்து விடுமா?

இருப்பினும் ஒரு வேறுபாடு நம்மை உறுத்தத்தான் செய்கிறது. மயக்க மருந்து மனத்தை உறங்க வைக்கிறது. இதுவோ விழித்திருக்கும் மனத்துக்குக் காட்சிகளைக் காட்டுகிறது. 2006-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், நோயற்ற 36 பேருக்கு இதனைக் கொடுத்தார்கள். தம் வாழ்விலேயே மிகப் பொருள் நிறைந்த ஐந்து அனுபவங்களில் இதுவும் ஒன்று என மூன்றில் இரு பங்கினர் கூறினர். சிலர் இதையே இறை ஞானம் என்று பேசத் தொடங்கி விட்டனர். தொழுது, அழுது, நோன்பிருந்து பெற்ற கஷ்பைக் கூட ஷரீஅத்துக்கு ஒத்தால்தான் ஏற்போம் என்றனர் நம் ஸூஃபியாக்கள். ஒரு மாத்திரையில் கண்டது ஞானமாகி விடாது. நோயாளிக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். அந்நேரத்தில் மனம் இளகி, பக்கத்தில் இருப்பவர் சொல்வதையெல்லாம் நம்பி விடும் நிலையில் இருக்கும்.

அன்பருக்கு நாம் எழுதியது இதுதான். மைத்துனருக்கு மற்ற சிகிச்சைகள் யாவும் செய்து பார்க்கப்பட்டனவா என்று இன்னொரு மருத்துவரிடமும், கிடைத்தால் மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம் மருத்துவரிடம், கேளுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் சித்தப்பிரமை இருந்ததுண்டா என்பதை மறைக்காதீர்கள். அத்தகையோருக்கு இது கேடு விளைவிக்கலாம். இருவரும் இதுவே வழி என்றால், சட்டத்துக்கு உட்பட்ட மருத்துவரின் கையால் பெறுவதில் குற்றம் இருப்பதாக நாம் கருதவில்லை. உங்கள் ஊர் உலமாக்களிடமும் காட்டிக்கொள்ளுங்கள்; நம் சொல்லே முடிவென்று கொள்ள வேண்டாம். மருந்தின் வேகம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருக்கும். காலையில் சீக்கிரமே ஆரம்பிக்கும்படி மருத்துவரைக் கேட்டுக்கொண்டால், ளுஹரின் நேரம் முடிவதற்குள் தெளிந்து, அவரே ஒளுச் செய்து தொழுதுகொள்வார்.