நோய் இன்னதென்று கேட்டு வாங்குங்கள்

காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. குழாயைத் திருகக் கை வரவில்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருக்கிறது. ரவிக்கை ஊக்கைப் போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நேற்றுவரை தளர்ந்து கிடந்த மோதிரம் கழற்ற வரமாட்டேன் என்கிறது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் கழித்துத்தான் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. இது ஒருநாள் இரண்டுநாளோடு போகாமல் வாரக்கணக்கில் தொடர்கிறதா? உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால், தயவுசெய்து அந்தத் தைலப் புட்டியைக் கீழே வையுங்கள். என்ன நோய் என்று தெரிந்துகொள்ளாமல் இன்னொரு வாரத்தைக் கடத்தாதீர்கள்.

இது முடக்குவாதமாக இருக்கலாம். பெரியவர்கள் சரவாங்கி என்பதும், டாக்டர்கள் சீட்டில் ‘ஆர்.ஏ.’ என்று எழுதுவதும் இதைத்தான். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, வீங்கிய சவ்வு பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், அதாவது ஒரு வீடு அந்தப் பெண்ணின் கைகளை நம்பி ஓடிக்கொண்டிருக்கிற காலத்தில் வருகிறது. டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு, வயதுவந்தவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்நோய் இருக்கக் கண்டது. ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். எங்கோ யாருக்கோ வருகிற நோயில்லை. உங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இருக்கலாம்.

அவசரம் ஏன் என்றால், அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வளர்ந்து பழைய வடிவத்துக்கு வராது. பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அந்த அரிப்பு எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கிவிடுகிறது. கட்டுக்குள் வராத நோய் மூட்டோடு நிற்பதுமில்லை. நுரையீரலையும் கண்ணையும் பாதிக்கிறது, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சரியான மருந்தைத் தொடங்கியவர்களில் பலர் கோணாத விரல்களோடு, வேலையை விடாமல், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து வாழ்கிறார்கள். அதனால்தான், மூட்டு வீங்கிய 6 வாரங்களுக்குள் இத்தகைய மூட்டு நோய்களுக்கான ருமட்டாலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும், 3 மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறது யூலார் என்ற ஐரோப்பிய ருமட்டாலஜி கூட்டமைப்பு. நம் ஊரில் அந்த 3 மாதம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் மாதம் வீட்டுப் பேச்சில் போகிறது. “வாயு பிடிச்சிருக்கும், உருளைக்கிழங்கைக் குறை.” “சுண்ணாம்புச் சத்து இல்ல, ராகி குடி.” “அந்தக் காலத்துல நாங்க ஆட்டுக்கல்லுல அரைச்சோம், எங்களுக்கு ஒரு வலி வந்ததா?” காலையில் விரல் மடங்காமல் தவிக்கிறவள் பத்து மணிக்கு மேல் ஒருவாறு வேலை செய்துவிடுகிறாள், உடனே, ‘அப்போ வலின்னு சொன்னது சும்மாதானே’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். காலையில் மரக்கட்டையாய் இறுகி, புழங்கப் புழங்க இளகுவதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம். அதையே நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாக்குவது அநியாயம். கணவன்மார்களே, பிள்ளைகளே, மாமியார்களே: வலி என்று சொல்லும் பெண்ணை நம்புங்கள். அவள் கையை வாங்கிப் பாருங்கள். விரல் முட்டிகள் இரண்டு கையிலும் வீங்கியிருக்கின்றனவா, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, கை குலுக்குவதுபோல் லேசாக அழுத்தினால் துடிக்கிறாளா, காலையில் முதல் அடியை ஊன்றப் பயப்படுகிறாளா என்று கவனியுங்கள். ஆம் என்றால் அடுத்த வேலை, அவளோடு ஒருவர் டாக்டரிடம் கிளம்புவது.

இரண்டாம் மாதமும் அதற்குப் பின் வரும் பல மாதங்களும் மருந்துக்கடையில் போகின்றன. “அண்ணே, கைகால் வலிக்கு அந்த செட்டு குடுங்க.” கடைக்காரர் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, பெயர் தெரியாத ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எனக் கத்தரித்து, காகித உறையில் போட்டு நீட்டுகிறார். இரண்டே நாளில் அதிசயம்போல் வலி போய்விடுகிறது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பல நேரங்களில் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்தென்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் கண்காணிப்பில், அளவோடு, கொஞ்ச காலத்துக்கு அது பெரிய துணை. ஆனால் நோய் என்னவென்றே தெரியாமல் மாதக்கணக்கில் அதை விழுங்குவது, வீட்டில் தீப்பிடித்து எரியும்போது கண்ணைக் கரிக்கும் புகையை மட்டும் விசிறிக்கொண்டிருப்பதற்குச் சமம். முகம் உப்பும், பார்க்கிறவர்கள் ‘கொஞ்சம் சதை போட்டிருக்கே’ என்று பாராட்டுவார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். வலி மாத்திரையோ வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, வீக்கம் மறைந்துபோவதால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய டாக்டரின் கண்ணும் மறைக்கப்படுகிறது. லேபிள் இல்லாத ‘மூட்டுவலிப் பொடி’களில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பதும் உண்டு. சித்த மருத்துவமோ ஆங்கில மருத்துவமோ, முறையாகப் படித்தவரிடம் போங்கள். என்ன கொடுக்கிறார் என்று பெயர் கேளுங்கள். ஏற்கெனவே பல மாதங்களாக ஸ்டீராய்டு எடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றாவது முறையாக அதே வலிக்கு அதே செட்டைக் கேட்டு ஒருவர் வருகிறார் என்றால், அவருக்குத் தேவை மாத்திரை இல்லை, டாக்டர். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒரு விற்பனை குறையும். ஒரு கை பிழைக்கும்.

அடுத்த சறுக்கல் லேப் ரிப்போர்ட்டில் நடக்கிறது. ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ எடுத்தோம், நெகட்டிவ்; ஆகவே முடக்குவாதம் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அந்தச் சோதனை நெகட்டிவாகவே வரும். மறுபக்கம், மூட்டில் வீக்கமே இல்லாத ஒருவருக்கு ஹெல்த் செக்கப்பில் பாசிட்டிவ் என்று வந்துவிடுகிறது. அன்று முதல் தூக்கம் போய்விடுகிறது. ஹெபடைடிஸ் சி, காசநோய் போன்ற நீண்டநாள் தொற்றுகளிலும், நோயே இல்லாத முதியவர்கள் சிலரிடமும் அது பாசிட்டிவாக வரும். கூடவே எழுதப்படும் ஏ.எஸ்.ஓ. சோதனைக்கும் முடக்குவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை; அது தொண்டையில் வரும் ஒரு பாக்டீரியா தொற்றுக்கும் அதைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் உரியது. ஆன்டி சி.சி.பி. என்ற சோதனை விலை சற்றுக் கூடுதல் என்றாலும், பாசிட்டிவாக வந்தால் முடக்குவாதத்தை மேலும் உறுதியாகச் சுட்டும். அதுவும் நெகட்டிவாக வரலாம். தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே ‘நார்மல்’ என்பதாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. எலும்பு அரிக்கப்படும் முன்பே சவ்வின் வீக்கத்தை அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் காட்டிவிடும்.

அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்புகள் 2010-இல் சேர்ந்து வகுத்த அளவுகோலைப் பாருங்கள். ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டதென்றாலும், டாக்டர்களுக்கும் அது வழிகாட்டி. ஒரு மூட்டிலாவது சவ்வு வீங்கியிருக்கிறது, அதற்கு வேறு நோய் காரணமில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அதில் கணக்கே தொடங்கும். மொத்தம் 10 மதிப்பெண். 6 வந்தால் முடக்குவாதம். பாதிக்கப்பட்ட மூட்டுகளுக்கு அதிகபட்சம் 5. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 3. உடலில் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால் 1. 6 வாரமோ அதற்கு மேலோ நீடித்திருந்தால் 1. இரத்தம் மட்டும் பேசினால் 4-க்கு மேல் போகாது. விரல் மூட்டுகள் உட்படப் பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் பாதிக்கப்பட்டு 6 வாரம் கடந்திருந்தால், இரத்தச் சோதனை எல்லாம் நெகட்டிவாக இருந்தாலும் 6 வந்துவிடும். ஆக, இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு உங்கள் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அழுத்திப் பார்க்கிற விரல்களுக்குத்தான். உங்கள் கையைத் தொடாமலே ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்பட்டால், அந்தத் தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள்.

வேறு நோய் காரணமில்லை என்ற அந்த நிபந்தனை மிக முக்கியம். 1859-இல் ஆல்ஃபிரட் கேரட் என்ற லண்டன் மருத்துவர் கவுட் நோயிலிருந்து இதைப் பிரித்துத் தனிப் பெயர் வைத்தார். அன்று தொடங்கிய பிரித்தறியும் வேலை இன்றும் ஒவ்வொரு நோயாளியிடமும் புதிதாகச் செய்யப்பட வேண்டியிருக்கிறது. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் பெரும்பாலும் கால் பெருவிரலில், ஓர் இரவில் திடீரென்று தாக்கும். தேய்மானம் முழங்காலையும் நகத்தை ஒட்டிய விரல் கணுவையும் பிடிக்கும். புழங்கப் புழங்க வலி கூடும். முடக்குவாதமோ நகத்தை ஒட்டிய கணுவைப் பெரும்பாலும் விட்டுவிட்டு விரல் முட்டிகளையும் நடுக்கணுவையும் மணிக்கட்டையும் பிடிக்கும். 2006-இல் தமிழகத்தைப் படுக்கவைத்த சிக்குன்குனியா, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் இதேபோல் மூட்டுகளை வீங்கவைத்தது, இன்றும் வைக்கிறது. லூபஸ், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு வரும் மூட்டழற்சி, தைராய்டு குறைபாடு என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தவறான பெயரில் பல ஆண்டுகள் வீரியமான மருந்தை விழுங்குவதும், சரியான பெயர் தெரியாமல் பல ஆண்டுகளை இழப்பதும் ஒரே அளவு கேடுதான்.

எனவே செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள். ருமட்டாலஜி டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். பலர் எலும்பு டாக்டரோடு நின்றுவிடுகிறார்கள். இது எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட நோய், அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்குத் தனித்துறையே உண்டு. பணமில்லை என்ற காரணத்துக்காக யாரும் வீட்டில் கிடக்க வேண்டியதில்லை. போகும்போது வீக்கம் அதிகமாக இருக்கும் காலை நேரத்தில் போனில் எடுத்த கைகால் படங்களைக் கொண்டுபோங்கள். இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளை, பொடிப் பொட்டலம் உட்பட, கூச்சப்படாமல் எடுத்துப்போங்கள். எப்போது தொடங்கியது, காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, தோலில் செதில், வாய்ப்புண், முடி கொட்டுதல், கண் உலர்வு உண்டா, கருச்சிதைவு நடந்ததா, வீட்டில் யாருக்கும் காசநோய் இருந்ததா, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்நோய்க்கான சில மருந்துகள் கருவுக்கு ஆகாதவை.

டாக்டர்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். வெளியே நீண்ட வரிசை நிற்பது தெரியும். ஆனாலும் ஊசி எழுதும் முன் அந்தக் கையை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். முட்டிகளை அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவையுங்கள்.

நோய் உறுதியானால் பயந்து ஓடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் இந்நோய்க்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் மருந்து. அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சொன்ன இடைவெளியில் இரத்தச் சோதனை செய்யுங்கள். வலி குறைந்தது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே ஆண்டுகள் கடந்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். கோணிய விரல் நிமிராமல் போகலாம். மீதமுள்ள மூட்டுகளை இன்றும் காக்க முடியும். அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள்: “எனக்கு என்ன நோய்? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?” கேட்பது மரியாதைக் குறைவில்லை, உங்கள் உரிமை. உங்கள் கைகளை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறதென்றால், அது உங்கள் கடமையும்கூட. வீக்கம் தொடங்கி எத்தனை வாரம் ஆகிறது என்று இன்றே எண்ணுங்கள். ஆறைத் தொட்டிருந்தால் நாளைக்கே கிளம்புங்கள்.