அதிதியும் கீர்த்தியும்

தன் கூடார வாயிலில் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து இறங்குகிற அந்நியனை, அவன் யார், எக்குலத்தான், எதை நாடிப் போகிறான் என்று வினவாமலே மூன்று நாள் வரை வைத்துப் போஷிப்பதும், அவன் தன் குலத்தோடு இரத்தப் பகை கொண்டவனே ஆயினும் தன் உப்பைத் தின்ற பின் அவனுடைய உயிருக்குத் தானே பிணையாய் நிற்பதும் அரபு நாட்டுப் பெதூயின் மக்களின் பழைய ஆசாரம். இதைக் கண்டு வியந்த பிரயாணிகள் பலர். வியக்காமல் காரணம் கூறிய பண்டிதர்களும் உண்டு. ஓர் ஊற்றுக்கும் மற்றோர் ஊற்றுக்கும் இடையே பல நாள் வழி கிடக்கும் தேசத்தில், இன்று உணவளிக்கிறவன் நாளைக்குத் தானே நா வறண்டு பிறன் கூடாரத்தைத் தேடி வருவான். ஆகவே இந்த உபசாரம் எழுதாத ஒரு கைமாற்று ஏற்பாடே அன்றி வேறல்ல என்பது அவர்கள் சித்தாந்தம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அவசியத்தில் பிறந்த செய்கை தர்மம் என்னும் பெயருக்கு உரியதாகுமா என்ற கேள்வி அத்துடன் ஓய்ந்துவிடுவதில்லை.

அந்த ஆசாரத்தைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். வெள்ளாட்டு மயிரைத் திரித்துப் பெண்களே நெய்த கறுப்புக் கூடாரம். மழையில் நனைந்ததும் இழைகள் உப்பி நெருங்கிக்கொள்வதால் நீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. நடுவே தொங்கும் திரை ஒன்று பெண்கள் புழங்கும் பகுதியையும் விருந்தினர் அமரும் பகுதியையும் பிரிக்கிறது. விருந்தினர் பக்கத்து அடுப்புக் குழியில் பச்சைக் காப்பிக் கொட்டையை நீண்ட பிடியுள்ள இரும்புக் கரண்டியில் வறுத்து, மர உரலில் இட்டு, தாளம் தப்பாமல் இடிக்கிறான் கூடாரத்துக்கு உடையவன். அவ்வோசையே அக்கம்பக்கத்தாருக்கு அழைப்பு. ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சிய கஹ்வாவில் (அந்த ஏலக்காய் நம் மேற்குமலைகளிலிருந்து கப்பலேறிப் போன சரக்காகவும் இருக்கக்கூடும்) முதற் கிண்ணத்தைத் தானே அருந்தி, அதில் வஞ்சனை இல்லை என்று காட்டிய பிறகே அதிதிக்கு ஊற்றுகிறான். பிடியில்லாத அச்சிறு கிண்ணத்தை இப்புறமும் அப்புறமும் ஆட்டிப் போதுமென்று தெரிவிக்கும் வரை அவன் கை ஓய்வதில்லை.

1946–47இல் ‘ருப் அல் காலி’ என்னும் வெற்றுப் பாலையைக் கடந்த ஆங்கிலேயர் வில்பிரெட் தெசிகர், 1959இல் வெளிவந்த ‘அரேபிய மணல்கள்’ என்ற தம் நூலில் ஒரு முயலின் கதையைச் சொல்லுகிறார். நெடுநாளாக அரைவயிற்றோடு மணல் மேடுகளில் ஏறி இறங்கி வந்த அவருடைய கூட்டத்தாருக்கு ஒரு நாள் ஒரு முயல் அகப்பட்டது. அது வெந்துகொண்டிருக்கையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து அதன் மணத்தையே உண்டுகொண்டிருந்தார்கள் எனலாம். அச்சமயத்தில் மேட்டின்மேல் மூன்று அராபியர் தோன்றினர். உடனே எழுந்து முகமன் கூறி, சேதி விசாரித்து, காப்பி கொடுத்து, பின்பு அந்த முயலையும் ரொட்டியையும் அப்படியே அவர்கள் முன் வைத்து, அவர்களை இறைவன் அனுப்பிய நாள் நல்ல நாள் என்று மனமுவந்தவர்போலவே பேசினார்கள் தெசிகரின் தோழர்கள். வந்தவர்கள் உடனுண்ண அழைத்தபோது ஒருவரும் கை வைக்கவில்லை. தம் உள்ளத்தில் எழுந்த கொலைவெறி முகத்தில் தெரியாதிருக்க வேண்டுமே என்பதே அந்த ஆங்கிலேயரின் கவலையாக இருந்தது!

கைமாற்றுச் சித்தாந்தம் பேசுவோர் இதற்கும் கணக்குச் சொல்லிவிடுவர்: இன்றைய முயலுக்கு என்றேனும் ஓர் ஆடு திரும்பி வரும் என்பர். அவர்கள் அதே நூலில் வரும் ஒரு கிழவனுக்கு என்ன கணக்குச் சொல்வார்களோ அறியேன். கந்தலுடுத்து, ஒட்டகம் ஒன்றுகூட இல்லாமல் வந்த அம்முதியவனை எல்லாரும் மிகுந்த மரியாதையோடு வரவேற்கக் கண்டு தெசிகர் காரணம் கேட்டார். இவன் ஒரு காலத்தில் பெருஞ்செல்வன் என்றான் அவர் தோழர்களில் ஒருவனான இளைஞன் பின் கபீனா. கெடுத்தது எது என்று கேட்டதற்கு, அவனுடைய கொடையே என்பது விடை. வந்தவர்க்கெல்லாம் ஒட்டகம் அறுத்தே ஓட்டாண்டி ஆனவனாம். சொன்ன இளைஞன் குரலில் இரக்கம் இல்லை, பொறாமை இருந்தது. நாளைய பாதுகாப்புக்காகச் செய்யும் ஏற்பாடு செய்பவனையே பாழாக்குமாயின் அதை ஏற்பாடு என்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

ஆயினும் அந்தப் பொறாமைதான் வேறொரு சிக்கலைக் கிளப்புகிறது. பின் கபீனா ஆசைப்பட்டது எதற்கு? அந்தக் கிழவனின் பெயருக்கு. வயிற்றுக்காகக் கொடுக்கவில்லை என்று மெய்ப்பித்த கையோடே, கீர்த்திக்காகக் கொடுத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. இஸ்லாம் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. பிறர் காணக் கொடுப்பதைப் பயனற்றதென விலக்கி, நன்றியையும் நாடாமல் இறைவன் திருமுகம் ஒன்றையே நாடி ஊட்டுவோரைத் திருக்குர்ஆன் புகழ்கிறது. அம்மார்க்கம் தோன்றுமுன்பே வாழ்ந்து மறைந்தவன் தய் குலத்து ஹாதிம். அரபு உலகில் கொடைக்கு அவன் பெயரே உவமானம். இஸ்லாத்தைத் தழுவிய அவன் மகன் அதீ, தன் தந்தை செய்த நன்மைகளின் பயன் பற்றி நபிகள் நாயகத்தை வினவியபோது, உம் தந்தை ஒன்றை நாடினார், அதை அடைந்தார் என்ற கருத்தில் பதில் கிடைத்ததாக ஹதீஸ் கூறுகிறது. நாடியது புகழ், கிடைத்ததும் புகழ். நிந்தையும் இல்லை, ஸ்தோத்திரமும் இல்லை. தராசில் நிறுத்ததுபோன்ற வார்த்தை. முதன்முறை இதைப் படித்தபோது, ஹாதிமின் பொருட்டு எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

பின்னர் அவன் மகளைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. தய் குலத்தின்மேல் முஸ்லிம்களின் படை சென்றபோது அதீ சிரியாவுக்கு ஓடிவிட, சகோதரி ஸப்பானா சிறைப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டாள். என் தந்தை பசித்தவருக்கு உணவளித்தார், சிறைப்பட்டவரை விடுவித்தார், கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை என்று அவள் நபியவர்கள் முன் எடுத்துரைத்தாளாம். இவை விசுவாசிகளின் குணங்கள் அல்லவா, இவள் தந்தை நற்குணங்களை நேசித்தவர், இவளை விட்டுவிடுங்கள் என்று கட்டளை பிறந்ததாக மரபு சொல்லுகிறது. அவள் குலத்தார் சிலர் சிரியாவுக்குப் புறப்படும் வரை காத்திருந்து, உடுக்க உடையும், ஏறிச் செல்ல வாகனமும், வழிக்கு வேண்டிய பொருளும் கொடுத்து அவளை அனுப்பி வைத்தார்கள்.